புதுசா ஒரு கம்பெனி எப்படிப் பிறக்குது? சித்தேரிச் சாமையை வைத்து ஒரு பாடம்

இப்போ எங்கே பார்த்தாலும் 'ஸ்டார்ட்-அப்' பேச்சுதான். தமிழில் 'புத்தொழில்' என்று அரசே பெயர் வைத்து அதற்கென ஓர் இயக்கமும் நடத்துகிறது. படித்துவிட்டு ஊர் திரும்பும் நம்ம பிள்ளைகளும், "இயற்கை விவசாயத்தில் ஒரு ஸ்டார்ட்-அப் ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். கேட்கிறது நல்ல விஷயம். ஆனால் பெரும்பாலும் நடப்பது என்ன? ஒரு பெயர், ஒரு லோகோ, ஒரு சத்துமாவுப் பாக்கெட். பக்கத்து மாவட்டத்திலும் அதே சத்துமாவு, அதே பச்சை இலைப் படம். ரெண்டு வருஷத்தில் விலைப் போட்டி. மூணாவது வருஷம் கதவு சாத்தியாச்சு.

ஏற்கெனவே நூறு பேர் செய்கிறதை நூற்றி ஒண்ணாவது ஆளாகச் செய்தால் அது வியாபாரம். அதில் தப்பே இல்லை. ஆனால் அதைப் 'புதுசு' என்று சொல்ல முடியாது. அப்போ எது உண்மையில் புதுசு? அதை எங்கே தேடுறது? செய்தபின் அது யாருக்குச் சொந்தம்? இந்த மூணு கேள்விக்கும் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையில் விளையும் சாமையை எடுத்துக்கொண்டு பாடம் படிக்கலாம்.

சாமையின் முடிச்சு

அரூர் பக்கத்துச் சித்தேரி மலையில் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். மானாவாரி நிலம். சாமையும் கேழ்வரகும் பழைய பயிர்கள். இந்த ரெண்டுக்கும் நடுவே ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அதைப் புரிஞ்சுக்கிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

கேழ்வரகைக் கதிரடித்துத் தூற்றிவிட்டால் அப்படியே அரைக்கலாம். மேல்தோல் மாவோடு சேர்ந்து உணவாகிவிடும். எந்த ஊர் மாவு மில்லும் அதற்குப் போதும். அதனால்தான் 2023 மே மாதம் தருமபுரி, நீலகிரி மாவட்டங்களில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு ரேஷனில் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்க முடிந்தது. குடும்பங்கள் வாங்கிப் போய் வீட்டுப் பக்கத்து மில்லிலேயே அரைச்சுக்கலாம்.

சாமை அப்படி இல்ல. மணியை ஒட்டிக்கொண்டு ஓர் உமி இருக்கு. அதை நீக்கினால்தான் அரிசி. மணியோ கடுகைவிடக் கொஞ்சம்தான் பெருசு. நெல் மில்லில் போட்டால் பாதி உமியோடு வரும், மீதி நொறுங்கும். அந்தக் காலத்தில் உரலில் போட்டு உலக்கையால் குத்தி, முறத்தில் புடைத்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து அரிசி எடுத்தார்கள். ஒரு வேளைச் சோத்துக்கு மணிக்கணக்கில் வேலை. அந்த வேலை முழுக்கப் பெண்கள் தோளில். ரேஷன் கடையில் வெள்ளை அரிசி கிடைக்க ஆரம்பித்ததும் உலக்கை மூலைக்குப் போனது. அந்தப் பெண்களைக் குறை சொல்ல யாருக்கும் வாய் கிடையாது.

ஆனால் விளைவு என்ன? வீட்டில் சமைக்க முடியாத தானியம் விற்பனைப் பயிர் ஆகிவிட்டது. மலையில் விளைந்த சாமை உமியோடு வியாபாரி கைக்குப் போனது. தென்னிந்தியச் சிறுதானியம் ரொம்பக் காலமாக மகாராஷ்டிரத்து நாசிக் வரைக்கும் லாரியில் போய் அங்கே அரிசியாகித் திரும்பியது. விளைவித்தவர் கையில் உமிச் சாமையின் விலை. நகரத்துக் கடையில் சாமை அரிசியின் விலை. நடுவில் இருக்கிற வித்தியாசம் மலைக்கு வரவே இல்லை. 'எதுக்குச் சாமை?' என்று மரவள்ளிக்கு மாறிய நிலங்கள் எத்தனையோ.

இதுதான் முடிச்சு. 'சாமை சத்தானது' என்று போஸ்டர் அடித்து இதை அவிழ்க்க முடியாது. உமிதான் முடிச்சு. உமியை யார், எங்கே, எப்போ நீக்குகிறார்கள் என்பதில்தான் விலையும் இருக்கு, பெண்களின் உழைப்பும் இருக்கு, அடுத்த வருஷம் சாமை விதைப்பதா வேண்டாமா என்ற முடிவும் இருக்கு.

முதல் பாடம்: முடியாதுன்னு சொன்ன இடத்தில்தான் புதுசு இருக்கு

உழவர்களே நடத்திய ஒரு கம்பெனி உலகத்தில் யாரும் செய்யாத ஒன்றைச் செய்த கதை நம்ம நாட்டிலேயே இருக்கு. குஜராத்தின் கேடா மாவட்டம். அங்கே பால் வாங்கும் உரிமை போல்சன் என்ற தனியார் கம்பெனி கையில் இருந்தது. கிடைத்த விலை போதாமல் உழவர்கள் பாலை ஊற்ற மறுத்துப் போராடினார்கள். 1946 டிசம்பரில் தங்கள் கூட்டுறவு ஒன்றியத்தைப் பதிவு செய்தார்கள். திரிபுவன்தாஸ் பட்டேல் தலைவர். பின்னால் 'அமுல்' ஆனது அதுதான்.

கூட்டுறவு வந்ததும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. எருமை குளிர்காலத்தில் அதிகம் கறக்கும், கோடையில் குறையும். குளிர்காலத்தில் பம்பாய் வாங்கியது போக மிச்சப் பாலை என்ன பண்றது? பவுடர் ஆக்கினால் கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய பால்பவுடர் தொழில்நுட்பம் முழுக்கப் பசும்பாலுக்கானது. எருமைப் பாலில் கொழுப்பும் புரதமும் அதிகம், பவுடர் ஆகாது என்றார்கள் வெளிநாட்டு நிபுணர்கள். குரியனோடு வேலை பார்த்த பால் தொழில்நுட்பப் பொறியாளர் எச்.எம். தலாயா விடவில்லை. செய்து காட்டினார். 1955 அக்டோபர் 31 அன்று ஆனந்த் நகரில் அந்த ஆலையை நேரு திறந்துவைத்தார்.

இதில் ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. ஒன்று, புதுமை ஆய்வகத்தில் பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. உழவரின் மிச்சப் பால் வீணாகும் வயிற்றெரிச்சலில் பிறந்தது. ரெண்டு, 'முடியாது' என்றவர்களுக்கு எருமைப் பால் தேவைப்படவில்லை, அவர்கள் நாட்டில் பசுதான். நமக்கு மட்டும் இருக்கிற பிரச்சினைக்குப் பதில் கண்டுபிடிக்க வேறு யாருக்கும் அவசரம் இருக்காது. அதை நாமதான் செய்யணும். புதுசு கிடைக்கிற இடமும் அதுதான்.

ரெண்டாம் பாடம்: பெரிய மெஷினைச் சின்னதாக்குவதும் கண்டுபிடிப்புதான்

கோவை அருணாச்சலம் முருகானந்தம் கதை நம்ம எல்லாருக்கும் தெரியும். நாப்கின் அவர் கண்டுபிடிச்சது இல்ல. கோடிக்கணக்கில் விலை சொன்ன மெஷின் செய்கிற வேலையைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கிராமத்துப் பெண்கள் குழுவே வாங்கி ஓட்டும் அளவுக்கு எளிமையாக்கினார். மெஷின் பெரிய முதலாளிக்குப் போகாமல் மகளிர் குழுக்களுக்குப் போகணும் என்று முடிவு பண்ணினதும் அவர் கண்டுபிடிப்பின் ஒரு பகுதிதான்.

சாமையிலும் இந்த வேலை நடந்திருக்கு. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் மரவள்ளி பரவிச் சிறுதானிய நிலம் சுருங்கிக்கொண்டு வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வேலை செய்தபோது, விதை வங்கி மட்டும் போதாது, உலக்கைக்கு மாற்று வேணும் என்பது தெளிவானது. ஊர்களில் சின்ன அரவை மெஷின்கள் வைக்கப்பட்டன. மகளிர் குழுக்கள் அவற்றை நடத்தின. விதை, உமி நீக்கல், விற்பனை மூணும் ஒரே கயிற்றில் கோர்க்கப்பட்டன. 2011க்குப் பிறகு மதுரை தானம் அறக்கட்டளை, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கனடா நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து சிறுதானியத்துக்கான சின்ன உமி நீக்கும் மெஷின்களை மேம்படுத்தின. அஞ்செட்டி, ஜவ்வாதுமலை போன்ற இடங்கள் அந்த வேலையில் இருந்தன.

மெஷின் எப்படி வேலை செய்யுது என்று நம்ம பிள்ளைகள் தெரிஞ்சுக்கணும். வேகமாகச் சுழலும் ஒரு தட்டு மணியை வீசி ஒரு சுவரில் அடிக்கும். அடியில் உமி பிளக்கும். காற்று உமியை ஊதித் தள்ளும். வேகம் கூடினால் அரிசி நொறுங்கும், குறைந்தால் உமி போகாது. ஈரம் அதிகம் இருந்தால் உமி வளையும், பிளக்காது. ரொம்பக் காய்ந்தால் குருணை ஆகும். மணிகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் ஒன்றுக்குச் சரியான வேகம் மற்றதுக்குத் தப்பாகும். அதனால் முதலில் கல் நீக்கணும், பிறகு சல்லடையில் அளவு பிரிக்கணும், அதுக்கப்புறம்தான் உமி நீக்கல். 100 கிலோ சாமையில் 60 முதல் 70 கிலோ அரிசி எடுப்பது நல்ல வேலை.

இதில் மலைக்காரர் அறிவுக்கு இடம் எங்கே? மலையில் ஒரே சாமை கிடையாது. குட்டையும் நெட்டையும், முன்கூட்டி விளைவதும் பிந்தி விளைவதும் உண்டு. மணியின் பருமனும் உமியின் இறுக்கமும் ரகத்துக்கு ரகம் மாறும். எந்த ரகத்துக்கு எத்தனை நாள் வெயில், எந்தச் சல்லடை, என்ன வேகம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால், அந்த நோட்டு மெஷினைவிடப் பெரிய சொத்து. மெஷினை யார் வேணாலும் வாங்கலாம். அந்த நோட்டைக் கடையில் வாங்க முடியாது.

மூணாம் பாடம்: முதல் வாடிக்கையாளர் பக்கத்திலேயே இருக்கார்

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அங்கே வந்து ஒரு குடிசையில் மருத்துவமனை தொடங்கினார்கள். பழங்குடிப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். குழந்தைச் சாவு குறைய ஆரம்பித்த பிறகு, நோய்க்குக் காரணம் தட்டில் இருக்கு, தட்டுக்குக் காரணம் நிலத்தில் இருக்கு என்று வேலை விவசாயத்துக்குப் போனது. முதலில் வந்த உழவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். பிறகு சிட்லிங்கி இயற்கை உழவர் சங்கம் நூற்றுக்கணக்கான உழவர்களோடு வளர்ந்தது. பெண்கள் குழுக்கள் சிறுதானியத்தில் லட்டும் பிஸ்கெட்டும் செய்கிறார்கள். லம்பாடிப் பெண்கள் மறந்துகொண்டிருந்த தங்கள் பூவேலையை மீட்டுப் 'போர்கை' என்ற பெயரில் விற்கிறார்கள்.

கம்பெனி தொடங்க நினைக்கிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கு. அங்கே 'சந்தையைப் பிடிக்கணும்' என்று யாரும் தொடங்கவில்லை. பக்கத்தில் ஒரு குழந்தை மெலிந்து கிடந்தது, அதிலிருந்து தொடங்கினார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் தேவைதான் முதல் சந்தை. சென்னை, பெங்களூரு பின்னால் வந்தது. சித்தேரியில் சாமைக் கம்பெனி தொடங்கினால் முதல் பாக்கெட் சித்தேரி வீட்டுக்கே போகணும். உமி நீக்கிக் கொடுத்தால் மலையில் எத்தனை வீடு மறுபடி சாமைச் சோறு ஆக்குது என்று பாருங்க. சொந்த வீட்டில் ஓடாத பொருளை ஊருக்கு விற்கிறது ரொம்ப நாள் நிற்காது.

நாலாம் பாடம்: யாருக்குச் சொந்தம்?

வெளிநாட்டு ஸ்டார்ட்-அப் புத்தகங்கள் ஒரு யோசனை சொல்லும். மத்தவங்களால் செய்ய முடியாததைச் செய், அதைக் காப்பாற்றி வேலி போடு. முதல் பாதி நமக்கும் சரி. ரெண்டாவது பாதியில் நாம கொஞ்சம் நின்று யோசிக்கணும். விதை நம்ம முன்னோர் கைமாற்றிக் கொடுத்தது. அதுக்கு வேலி போட நமக்கே உரிமை இல்ல. ஆனால் நாம வேலி போடாமல் விட்டால் வேற யாராவது போட்டுட மாட்டாங்களா?

இதுக்கு அகத்தியமலைக் காணி மக்களின் அனுபவம் பதில் சொல்லும். 1987ல் அந்தக் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணிகள் ஒரு காயைத் தின்றுவிட்டுக் களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். 'ஆரோக்கியப்பச்சை' என்ற அந்தச் செடியைக் காணிகள் காட்டிக் கொடுத்தார்கள். திருவனந்தபுரம் பக்கத்துத் தாவரவியல் ஆராய்ச்சி நிறுவனம் அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995ல் கோவை ஆரிய வைத்திய பார்மசிக்கு ஏழு வருஷ உரிமம் கொடுத்தது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய், விற்பனையில் 2 சதவீதம். கிடைப்பதில் பாதி காணிகளுக்கு. பணம் போய்ச் சேர 1997ல் காணிகளின் அறக்கட்டளை ஒன்று பதிவானது. பழங்குடி அறிவுக்குப் பணத்தில் பங்கு கொடுத்த முதல் முயற்சிகளில் ஒன்று என்று உலகமே இதைப் பேசியது.

நல்ல தொடக்கம்தான். ஆனால் கணக்கைப் பாருங்க. காணிகளுக்குக் கிடைத்தது பங்கு. மருந்தின் காப்புரிமையில் அவர்கள் பெயர் இல்லை. உரிமம் யாருக்கு, எவ்வளவுக்கு என்ற முடிவு அவர்கள் கையில் இல்லை. இலை வேணும், ஆனால் செடி காட்டில்தான் நல்லா வளரும், காட்டில் பறிக்க வனத்துறை அனுமதி வேணும். அந்த இடத்திலும் சிக்கல். அமெரிக்காவில் 'ஜீவனி' என்ற பெயரை வேறொரு கம்பெனி தன் வணிகப் பெயராகப் பதிவு செய்துகொண்டது. அறிவு கொடுத்தவருக்கு நன்றிப் பணம் வந்தது, சாவி வரவில்லை.

சித்தேரிக்கு இதிலிருந்து என்ன? மூணு வேலை. ஒன்று, மலை ரகங்களின் பெயர், குணம், எந்த ஊரில் யார் காப்பாற்றி வருகிறார்கள் என்பதை எழுதிக் கிராமசபையில் பதிவு செய்து வைக்கணும். ரெண்டு, 2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தில் உழவர் ரகங்களைப் பதிவு செய்ய வழி இருக்கு. உழவர் சமூகமாகவும் பதியலாம். பதிவால் நம்ம விதைப் பரிமாற்றம் நிற்காது. விதையைச் சேமிக்க, விதைக்க, மாற்றிக்கொள்ள, பிராண்டு போடாமல் விற்க உழவருக்கு அந்தச் சட்டத்திலேயே உரிமை உண்டு. மூணு, கம்பெனியின் பெயரையும் சின்னத்தையும் முதல் பாக்கெட் போகும் முன்னாடியே பதிவு பண்ணணும். விதை எல்லாருக்கும் பொது, பெயர் மலைக்குச் சொந்தம். இந்த ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

கம்பெனிக்கு எந்தச் சட்டை?

உழவர்களே கம்பெனி நடத்த 2003 முதல் சட்டத்தில் ஒரு தனி வடிவம் இருக்கு. அதுதான் உற்பத்தியாளர் கம்பெனி. 10 உழவர் சேர்ந்தால் பதியலாம். இயக்குநர்கள் 5 முதல் 15 வரை. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஓர் ஆளுக்கு ஓர் ஓட்டு. உற்பத்தி செய்கிறவர்தான் உறுப்பினர், வெளியாள் பங்கு வாங்கிக் கம்பெனியைப் பிடிக்க முடியாது. 2020ல் ஒன்றிய அரசு அறிவித்த 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புத் திட்டத்தில் சமவெளிக்கு 300 உறுப்பினர், மலைப்பகுதிக்கு 100 உறுப்பினர் என்று வைத்தார்கள். நிர்வாகச் செலவுக்கு மூணு வருஷத்தில் 18 லட்சம் வரையும், உறுப்பினர் போட்ட பங்குக்கு ஈடாக ஆளுக்கு 2,000 ரூபாய் வீதம் 15 லட்சம் வரையும் அதில் உதவி.

ஸ்டார்ட்-அப் பணம் வேற ரகம். தமிழக அரசு 2022-23ல் பட்டியலின, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 30 கோடி ரூபாயில் தனி நிதி தொடங்கியது. மலையாளி இளைஞர்களுக்கு அது ஒரு வாசல். ஆனால் அந்தப் பணம் பங்கு முதலீடாக வரும். உற்பத்தியாளர் கம்பெனி வெளியாருக்குப் பங்கு கொடுக்க முடியாது. அப்போ பிள்ளைகள் தனியாக ஒரு தனியார் கம்பெனி தொடங்கணும். சாமை மலைக்காரருடையது, கம்பெனி பிள்ளையுடையது என்று ரெண்டாகப் பிரியும். அதைச் செய்யவே கூடாது என்று இல்லை. செய்தால் ரெண்டுக்கும் நடுவே எழுத்தில் ஒப்பந்தம் வேணும். சாமையை எந்த விலைக்கு வாங்குவது, ரக நோட்டு யாரிடம் இருக்கும், கம்பெனியை விற்றால் பெயர் யாருக்கு என்று. பிள்ளை நம்ம பிள்ளைதான். ஆனால் அவன் கம்பெனியின் பங்கு நாளைக்கு யார் கையில் இருக்கும் என்று அவனுக்கே தெரியாது.

செய்து பார்க்க ஒரு யோசனை

சாமைக்கு இன்னொரு குணம் உண்டு. உமியோடு இருந்தால் வருஷக்கணக்கில் கெடாது. உமி நீக்கித் தவிடோடு வைத்தால் ரெண்டு மூணு மாசத்துக்குள் தவிட்டுக் கொழுப்பு காறி வாடை வந்துவிடும். அதுக்குப் பயந்துதான் பல கம்பெனிகள் தவிடு போகத் தீட்டி வெள்ளையாக விற்கின்றன. சத்தும் தவிடோடு போய்விடும்.

நம்ம ஊர்க் காபிக்கடையை நினைச்சுப் பாருங்க. நாம நின்று பார்க்க அரைத்துச் சுடச்சுடப் பொடி கட்டித் தருவார்கள். அந்த மணத்துக்காகவே அங்கே போகிறோம். சாமை அரிசியை ஏன் அப்படி விற்கக் கூடாது? உமியோடு மலையிலேயே இருப்பு வைக்கணும். வார ஆர்டர் வந்த பிறகு அந்த அளவுக்கு மட்டும் உமி நீக்கணும். பாக்கெட்டில் 'உமி நீக்கிய நாள்' என்று அச்சடிக்கணும். தீட்டாத அரிசி ஒரு வாரத்துக்குள் அடுப்படிக்குப் போய்ச் சேரும். உமியும் தவிடும் மலையிலேயே மாட்டுக்கும் எருவுக்கும் நிற்கும். மாதக்கணக்கில் அலமாரியில் நிற்க வேண்டிய பாக்கெட்டை நம்பி இருக்கிற பெரிய கம்பெனிக்கு இது கஷ்டம். மலையோரத்தில் இருக்கிற நமக்குச் சுலபம்.

உடனே மெஷின் வாங்க ஓடாதீங்க. கணக்குப் போடுங்க. உதாரணத்துக்கு, 10 குடும்பம், ஆளுக்கு 100 கிலோ என்றால் மொத்தம் 1,000 கிலோ சாமை. 60 சதவீதம் என்று குறைத்துப் போட்டாலும் 600 கிலோ அரிசி. வாரம் 25 கிலோ விற்றால் 24 வாரம் வரும். அதாவது அரூரிலோ தருமபுரியிலோ வாரம் ஒரு கிலோ வாங்கும் 25 வீடு போதும். வாரத்துக்கு 42 கிலோ உமி நீக்கணும். மணிக்கு 100 கிலோ எடுக்கும் மெஷினில் இது அரை மணி நேர வேலை. ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கிறவரிடம் கூலிக்கு ஓட்டிக்கலாம்.

அதே மெஷினை நாளைக்கு 6 மணி நேரம், வருஷம் 200 நாள் ஓட்டணும் என்றால் 1,20,000 கிலோ சாமை வேணும். குடும்பத்துக்கு 300 கிலோ என்றால் 400 குடும்பம். அத்தனை சாமை கையில் இல்லாமல் மானியத்துக்காக வாங்கிய மெஷின் கோணியால் மூடிக் கிடக்கும். அப்படி மூடிக் கிடக்கும் மெஷின் நமக்குப் புதுசில்ல.

இந்த 24 வாரத்தில் நாம தெரிஞ்சுக்க வேண்டியது மூணே விஷயம். 25 வீட்டில் எத்தனை வீடு கடைசி வாரம் வரை வாங்குது? எல்லாச் செலவும் போக உழவருக்கு மண்டி விலையைவிட எவ்வளவு கூடக் கிடைத்தது? மலையில் எத்தனை வீட்டில் சாமைச் சோறு திரும்பியது? பதில் நல்லா இருந்தால் 100 வீட்டுக்குப் போகலாம். நல்லா இல்லேன்னா போனது கொஞ்சம் கூலியும் ஆறு மாசமும்தான், நிலம் அடமானத்துக்குப் போகாது.

குழுவில் உட்கார்ந்து பேச

1. உங்கள் ஊரில் விளைகிற பொருளில் எது உமியோடு, தோலோடு, கொட்டையோடு மலிவாக வெளியே போய் விலை கூடித் திரும்பி வருது? அந்த நடு வேலை எங்கே நடக்குது என்று பின்தொடர்ந்து போய்ப் பாருங்க.

2. அந்த வேலையை ஊரிலேயே செய்ய விடாமல் தடுப்பது எது? மெஷினா, மின்சாரமா, அளவா, கெட்டுப்போகும் குணமா? 'பணம் இல்ல' என்று மட்டும் எழுதாதீங்க. பணம் இருந்தால் எதை வாங்குவீங்க என்று எழுதுங்க.

3. நீங்கள் யோசிக்கிற பொருளை நாளைக்கே பக்கத்து ஊர் செய்ய முடியுமா? முடியும் என்றால் உங்களிடம் மட்டும் இருப்பது என்ன? மண்ணா, ரகமா, கைப்பழக்கமா?

4. இந்த வேலை வந்தால் வீட்டில் யார் உழைப்பு குறையும், யார் உழைப்பு கூடும்? பெண்களைத் தனியாக உட்காரவைத்துக் கேளுங்க.

5. அஞ்சு வருஷம் கழித்து இந்தக் கம்பெனியை ஒருவர் விலைக்குக் கேட்டால், 'வேண்டாம்' என்று சொல்லும் அதிகாரம் யார் கையில் இருக்கணும்? அதை இன்றைக்கே எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.

இந்த அஞ்சுக்கும் பதில் எழுதிய பிறகு பெயரும் லோகோவும் யோசிக்கலாம். ஆடிக்கு முன்னாடி பேசி முடித்தால், இந்தப் பட்டத்துச் சாமையிலேயே 10 குடும்பத்தோடு சோதனையை ஆரம்பிச்சுடலாம்.